மருத்துவர் பதில்: தூக்க மாத்திரையும் நினைவில் இல்லாத சமையலும்

கேள்வி: என் வயது 46. சேலம் சிவதாபுரத்தில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். கணவருக்கு இரவு ஷிஃப்ட். அவர் கிளம்பியதும் எட்டரை மணிக்கே படுத்துவிடுவேன். ஆனால் நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராது. ஒரு மருத்துவர் எழுதித் தந்த சோல்பிடெம் 10 மி.கி. மாத்திரையை ஆறு மாதமாகப் போடுகிறேன். சளி பிடித்தால் ஒவ்வாமை மாத்திரையும் சேர்த்துப் போடுவதுண்டு. சில நாட்களாகக் காலையில் எழுந்தால் அடுப்பில் உப்புமா கிண்டிய வாணலி இருக்கிறது. நான் சமைத்ததை மகள் பார்த்திருக்கிறாள். அவள் கூப்பிட்டதற்கு, 'போய்ப் படு' என்று பதிலும் சொன்னேனாம். எனக்கு எதுவும் நினைவில்லை. ஏற்காட்டில் இருக்கும் நாத்தனார், காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்க வேண்டும் என்கிறார். எனக்குப் புத்தி பேதலிக்கிறதா, டாக்டர்?

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் எழுதியுள்ள வரிசையைப் பார்த்தால், இது புத்தி பேதலிப்பும் அல்ல, காத்து கருப்பும் அல்ல. மாத்திரையின் விளைவாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். நாத்தனாரின் மனநிறைவுக்காகக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய் வருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை முடித்துவிட்டு இரவில் அதே மாத்திரையை விழுங்கினால் அடுப்பு மறுபடியும் எரியும்.

விழிப்பு என்பது மூளை முழுவதற்குமான ஒரே சுவிட்ச் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு தறிக்கூடத்தைப் போன்றது. ஒரே கூரையின் கீழ் சில தறிகள் நின்றிருக்க, மற்றவை ஓடிக்கொண்டிருக்கலாம். நடப்பது, கை பழகிய வேலையைச் செய்வது, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வது ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகள் விழித்திருக்கும்போதே, நன்மை தீமை ஆராயும் முன்மூளைப் பகுதியும் நடந்ததை நினைவாகப் பதியும் பகுதியும் உறங்கிக்கொண்டிருக்க முடியும். சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், தூக்கத்தில் எழுந்து நடந்த ஒருவரின் மூளை இரத்த ஓட்டத்தைப் படம்பிடித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய அரைகுறை விழிப்பே தெரிந்தது. மாத்திரை இல்லாமலேயே சில குழந்தைகள் தூக்கத்தில் நடப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததுதான்; இரவின் முதல் பகுதியில் மிகுதியாக வரும் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து அவர்கள் பாதி மட்டும் வெளிவருகிறார்கள்.

சோல்பிடெம் இந்தப் பிளவை எளிதாக்குகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது வலுப்படுத்துகிறது. அதனால் தூக்கம் வருகிறது, கூடவே புதிய நினைவு பதிவதும் தடைபடுகிறது. நீங்கள் மகளிடம் பேசியது மறந்துபோகவில்லை, முதலிலேயே பதியவில்லை என்பதுதான் சரி. தூக்கத்தில் சமைத்தல், உண்ணல், வண்டி ஓட்டுதல் ஆகியவற்றால் நேர்ந்த பெரும் காயங்களும் மரணங்களும் தெரியவந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019இல் இம்மருந்தின் விவரக் குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. அப்படி ஒரு முறை நடந்தவர்கள் அதை மறுபடி எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பெண்களின் உடலிலிருந்து இது மெதுவாக வெளியேறுவதால், அவர்களுக்கான தொடக்க அளவை அதே துறை 2013இலேயே 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்திருந்தது. நம் ஊர்ச் சீட்டுகளில் இன்னமும் பெண்களுக்கு 10 மி.கி. தாராளமாக எழுதப்படுவது எனக்கு ஒப்புதலில்லை. தூக்கம் வரவழைக்கும் வகை ஒவ்வாமை மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் இன்னும் கூடும். காலையில் மிச்சமிருக்கும் மந்தத்துடன் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலையில் உட்காருவதையும் நான் ஆபத்தாகவே கருதுகிறேன்.

ஆகவே, இந்த மாத்திரை இனி உங்களுக்கு வேண்டாம். நாளைக்கே அதை எழுதித் தந்த மருத்துவரைப் பாருங்கள். மகள் கண்டதை அவளே சொல்லட்டும். நாளொன்றுக்கு ஒரு மாத்திரை மட்டுமே போட்டுவந்தவர்களுக்கு நிறுத்திய பின் பெரும்பாலும் சில இரவுகள் தூக்கம் முன்னைவிட மோசமாகும், பிறகு படிப்படியாகச் சீராகும். இரண்டு மூன்று என்று கூட்டிப் போட்டிருந்தால் திடீரென நிறுத்துகையில் வலிப்புகூட வரலாம் என்பதால், உண்மையான எண்ணிக்கையை மறைக்காதீர்கள். இது எச்1 பட்டியலில் உள்ள மருந்து. கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் தர வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நடமாட்டம் முற்றிலும் நிற்கும்வரை இரவில் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள், வாசற்கதவின் சாவியும் வண்டிச் சாவியும் மகளிடம் இருக்கட்டும்.

இனி, அடிப்படைச் சிக்கலான தூக்கமின்மைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது எட்டரை மணி என்பதுதான். 46 வயதில் ஏழு மணி நேரத் தூக்கம் போதுமான ஒருவர் எட்டரைக்கே படுத்தால், பாதி இரவு புரள்வதற்கென்றே ஒதுக்கியதாகிறது. நாளடைவில் பாயைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. நீண்டகாலத் தூக்கமின்மைக்கு மருத்துவ உலகம் இன்று முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, இந்தப் பழக்கத்தை மாற்றும் நடத்தைச் சிகிச்சையைத்தான். நீங்கள் பதினொன்றரைக்கு முன் படுக்காதீர்கள். எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். பகலில் கண்ணயர வேண்டாம். படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் சென்று, கண் சொக்கும்போது மட்டும் திரும்புங்கள். முதல் வாரம் கடினமாக இருக்கும், பகலில் கண் எரியும். அந்தக் களைப்புதான் அடுத்த இரவின் தூக்கத்தை இழுத்துவரும், ஆகவே அதைக் காபியால் மாலையில் விரட்டாதீர்கள். தூக்கம் இடைவிடாமல் வரத் தொடங்கியதும் படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரமாக முன்னே நகர்த்தலாம்.

உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முன்பான உடல் வெப்பமும் இரவு வியர்வையும், தைராய்டு கோளாறும், குறட்டையோடு மூச்சு தடைபடுவதும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் அவற்றையும் மருத்துவரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். செலவு தடையாக இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கடந்த பின்னும் இரவில் எழுந்து நடமாடினால், அல்லது கை கால் வெட்டி இழுப்பதையோ நாக்கு கடிபட்டிருப்பதையோ எப்போதாவது கண்டால், அது வேறு காரணமாக இருக்கக்கூடும். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்த்து மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.