வெவ்வேறு கம்பெனிகளின் சுவிட்ச், ரவுட்டர்களை ஒரே மென்பொருளில் நிர்வகிக்க, கம்பெனிக்கு ஒரு கிளாஸ் எழுதினால் போதுமா?

உங்கள் அலுவலகத்தில் சிஸ்கோ, ஜூனிப்பர், எச்பி, ஹுவாவெய் என நான்கு வகைக் கருவிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கவும் மாற்றவும் ஒரு மென்பொருள் எழுதப் போகிறீர்கள். எல்லாக் கருவிக்கும் பொதுவானதைச் சொல்ல ‘டிவைஸ்’ என்று ஒரு பேஸ் கிளாஸ், அதன்கீழ் கம்பெனிக்கு ஒரு சப்கிளாஸ். இது போதுமா, பைத்தானில் எழுதுவதா ஜாவாவிலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. நெட்வொர்க் வேலையில் பல வருடங்கள் இருந்து, இதே போன்ற மென்பொருளை ஒருமுறை தவறாகவும் ஒருமுறை ஓரளவு சரியாகவும் எழுதியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிளாஸ்களை வரைவது ஒரு மாலை நேர வேலை. ஒரு மெத்தடுக்கு, அதாவது கிளாஸில் எழுதும் ஒரு செயலுக்கு, நீங்கள் வைக்கும் பெயர் நான்கு கருவிகளிலும் ஒரே பொருளைத் தர வேண்டுமே, அங்கேதான் மாதக்கணக்கில் உழைப்பு போகிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பிரிவினையைக் கம்பெனி பெயரால் செய்யாதீர்கள், கருவியில் ஓடும் இயங்குதளத்தால் செய்யுங்கள். சிஸ்கோ ஒன்றே ஐஓஎஸ், ஐஓஎஸ் எக்ஸ்ஆர், என்எக்ஸ்-ஓஎஸ் என்று தனித்தனி குணமுள்ள தளங்களை வைத்திருக்கிறது. ‘சிஸ்கோ’ என்று ஒரே கிளாஸ் எழுதினால் ஆறே மாதத்தில் அதற்குள் இஃப், எல்ஸ் காடாக வளர்ந்துவிடும். எது எந்தக் கருவி என்று கண்டுபிடிப்பது சுலபம். எஸ்என்எம்பியில் (நெட்வொர்க் வழியாகக் கருவியிடம் விவரம் கேட்கும் நெறிமுறை) சிஸ்ஆப்ஜெக்ட்ஐடி என்ற மதிப்பைக் கேட்டால், 1.3.6.1.4.1 என்பதற்கு அடுத்து வரும் எண்ணே கம்பெனியைச் சொல்லிவிடும்: 9 சிஸ்கோ, 11 எச்பி, 2011 ஹுவாவெய், 2636 ஜூனிப்பர். அதற்குப் பின்னால் வரும் எண்கள் மாடலைக் காட்டும். சிஸ்டெஸ்கர் என்ற இன்னொரு மதிப்பில் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் பெரும்பாலும் எழுத்தாகவே வரும். இவற்றை வைத்துச் சரியான கிளாஸை உருவாக்கித் தரும் ஒரு ஃபேக்டரி எழுதிவிட்டால் அந்த வேலை முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘இந்த ட்ரங்க் போர்ட்டில் விலான் 30ஐச் சேர்’ என்று ஒரு மெத்தட் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். விலான் என்பது ஒரே நெட்வொர்க்குக்குள் எண் கொடுத்துப் பிரித்து வைக்கும் தனிப் பகுதி, ட்ரங்க் போர்ட் என்பது பல விலான்களை ஒரே கேபிளில் கொண்டுபோகும் போர்ட். ஜூனிப்பரில் செட் கட்டளையின் கடைசியில் மெம்பர்ஸ் 30 என்று கொடுத்தால், ஏற்கெனவே உள்ள விலான்களோடு 30 சேரும். ஹுவாவெயில் போர்ட் ட்ரங்க் அலவ்-பாஸ் விலான் 30 என்றாலும் சேரும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலான் 30 என்று அடித்தால், முன்பு இருந்த பட்டியல் முழுவதும் போய் 30 மட்டும் நிற்கும். சேர்ப்பதற்கு நடுவில் ‘ஆட்’ என்ற சொல் வேண்டும். எச்பியின் பழைய புரோகர்வ் வகையிலோ பார்வையே தலைகீழ்: விலானுக்குள் போய், அதில் எந்தெந்தப் போர்ட் டேக் ஆக வேண்டும், அதாவது விலான் எண்ணோடு அனுப்ப வேண்டும், என்று சொல்வீர்கள். போதாக்குறைக்கு அங்கே ‘ட்ரங்க்’ என்ற சொல்லுக்கே பல கேபிள்களை ஒன்றாகக் கட்டுவது என்று பொருள். நான்கு கம்பெனியும் ஒரே ஆங்கிலத்தைத்தான் பேசுகின்றன, ஆனால் ஒரே மொழியைப் பேசவில்லை.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு கல்லூரி வளாகத்துக்கு இந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தோம். விடுதி வைஃபைக்காகப் புதிதாக விலான் 30. எங்கள் பேஸ் கிளாஸில் ‘விலான் சேர்’ என்ற மெத்தட் இருந்தது. ஒரு வகை சுவிட்சில் சோதித்தோம், அருமையாக வேலை செய்தது. இன்னொரு வகைக்கான சப்கிளாஸில் அந்த ‘ஆட்’ விடுபட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. காலை 11 மணிக்கு ஓட்டினோம். ஒரு கட்டடத்தை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் அப்லிங்க் போர்ட்டில் 30ஐத் தவிர எல்லா விலானும் போயிற்று, சுவிட்சை நிர்வகிக்கும் விலானும் சேர்த்து. எங்கள் திரையில் ‘வெற்றி’ என்று பச்சையில் எழுதியிருந்தது, ஏனென்றால் கருவி கட்டளையைப் பிழையில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது.

‘சரி, மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்’ என்று அங்கிருந்தவரிடம் சொன்னேன். அணைத்துப் போட்டார். வரவில்லை. எங்கள் மெத்தட் மாற்றத்தைச் செய்த கையோடு அதை நிரந்தரமாகச் சேமித்தும் இருந்தது. கருவியில் நேரடியாகச் செருகிப் பேசும் கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போய், ரேக்கின் முன் தரையில் உட்கார்ந்து, 9600 பாட் வேகத்தில் ஊர்ந்து வந்த கான்ஃபிக்கில் (கருவியின் அமைப்பு வரிகளில்) அந்த ஒரு வரியைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: அலவுட் விலான் 30. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதுவரை அந்தக் கட்டடத்தில் வகுப்பறைகளும் ஆய்வகமும் நெட்வொர்க் இல்லாமல் நின்றன. தவறு முழுக்க எங்கள் நிரலுடையது. இரண்டு சுவிட்சுகளும் தங்கள் கையேட்டில் சொன்னபடியேதான் நடந்தன.

கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987இல் ஓர் உரையில் முன்வைத்த கருத்து ஒன்று ஆப்ஜெக்ட் ஓரியன்டட் பாடங்களில் எல்லாம் வரும்: தாய் கிளாஸை நம்பி எழுதிய நிரலில் சேய் கிளாஸை வைத்தாலும் நடத்தை மாறக்கூடாது. பரீட்சைக்காகப் படித்தபோது சதுரம், செவ்வகம் என்று உதாரணம் சொன்னார்கள், மனதில் ஒட்டவில்லை. அந்த மூன்றாவது மாடியில் ஒட்டியது.

அதற்குப் பிறகு மெத்தடையே மாற்றினோம். ‘30ஐச் சேர்’ என்பதை எடுத்துவிட்டு, ‘இந்தப் போர்ட்டில் 10, 20, 30 இருக்க வேண்டும்’ என்று முடிவு நிலையைச் சொல்லும்படி வைத்தோம். சப்கிளாஸ் முதலில் கருவியில் இப்போது என்ன இருக்கிறது என்று படிக்கும், வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டும், தன் கருவிக்கு ஏற்ற கட்டளைகளை அனுப்பும், பிறகு மறுபடி படித்து நாம் கேட்டதும் கருவியில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றாக இருந்தால் மட்டுமே சேமிக்கும். மென்பொருள் கொஞ்சம் மெதுவானது. யாரும் குறை சொல்லவில்லை.

சேமிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூனிப்பரில் நீங்கள் அடிப்பதெல்லாம் ஒரு வரைவுப் பிரதிக்குள் போகும். கமிட் சொன்னால்தான் மொத்தமாக அமலுக்கு வரும், அப்போதே நிரந்தரமாகவும் ஆகிவிடும். கமிட் கன்ஃபர்ம்டு என்று கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். வழக்கமான ஐஓஎஸ்ஸில் ஒவ்வொரு வரியும் என்டர் தட்டிய கணமே அமல், ஆனால் தனியாகச் சேமிக்காவிட்டால் ரீபூட்டில் போய்விடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஆக்சஸ் லிஸ்ட், அதாவது எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல், நல்ல உதாரணம். ஒரு போர்ட்டில் மாட்டியிருக்கும் பட்டியலை ஐஓஎஸ்ஸில் அழித்துவிட்டுப் புதிதாக வரிவரியாக எழுதுகிறீர்கள். பட்டியலே இல்லாதவரை எல்லாம் அனுமதி. முதல் பெர்மிட் வரி விழுந்த உடனே, அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத ‘மற்ற எல்லாம் மறுப்பு’ உயிர்பெறும். நீங்கள் அந்தப் போர்ட் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றால், உங்களை அனுமதிக்கும் இரண்டாவது வரியை அடிப்பதற்கு முன்பே இணைப்பு அறுந்துவிடும். இதையே ஜூனிப்பரில் செய்தால் எதுவும் ஆகாது. ஆகவே பேஸ் கிளாஸில் ‘மாற்று’ என்று ஒரே மெத்தட் வைக்காதீர்கள். ஏற்று, வேறுபாட்டைக் காட்டு, அமலாக்கு, நிரந்தரமாக்கு, பின்வாங்கு என்று தனித்தனிப் படிகள் வேண்டும். ‘என்னிடம் வரைவுப் பிரதி இல்லை, தானாகப் பின்வாங்க முடியாது’ என்பதைக் கருவியின் ஆப்ஜெக்ட் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். இல்லாத வசதியை இருப்பதுபோலப் பாவனை செய்யும் சப்கிளாஸை நான் கோடு ரிவ்யூவில் விடவே மாட்டேன். தெரியாத மதிப்பும் அப்படித்தான். போர்ட் கடைசியாக எப்போது விழுந்து எழுந்தது என்று ஒரு கருவியால் சொல்ல முடியாவிட்டால் ‘தெரியாது’ என்றே வரட்டும், பூஜ்யம் வேண்டாம். பூஜ்யம் என்றால் இப்போதுதான் விழுந்தது என்று வேறொருவர் வாசிப்பார்.

கண்காணிப்புப் பக்கம் நிலைமை மேல், ஆனாலும் ஒரு குழி உண்டு. போர்ட்டில் வந்த பைட்டுகளைச் சொல்லும் பழைய எஸ்என்எம்பி கவுன்டர் 32 பிட். 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் சுமார் 34 விநாடிகளில் அது நிறைந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் வரைபடம் வெறும் கற்பனைதான். 64 பிட் கவுன்டரையே படியுங்கள், அதற்கு எஸ்என்எம்பி 2சி அல்லது 3 வேண்டும். எந்தக் கவுன்டர் என்பது சப்கிளாஸுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே ‘விநாடிக்கு இத்தனை பிட்’ என்பது மட்டும் வரட்டும்.

சின்னச் சின்ன மதிப்புகளுக்கும் தனி ஆப்ஜெக்ட் வையுங்கள். மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்) சிஸ்கோ நான்கு நான்கு எழுத்தாகப் புள்ளி வைத்துப் பிரிக்கும், ஹுவாவெய் அதையே சிறுகோடு வைத்து, ஜூனிப்பர் இரண்டிரண்டாக முக்காற்புள்ளி வைத்து. வெறும் ஸ்ட்ரிங்காக வைத்துக்கொண்டால் ஒரே லேப்டாப் உங்கள் டேட்டாபேஸில் மூன்று லேப்டாப் ஆகிவிடும். போர்ட் பெயரும் அப்படியே: 24 போர்ட் உள்ள ஜூனிப்பர் இஎக்ஸ் சுவிட்சில் கடைசி போர்ட்டின் எண் 23, ஏனென்றால் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். ‘24ஆம் போர்ட்டைப் பார்’ என்று போனில் சொல்லி எத்தனை பேர் தவறான கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள்!

இந்த வலி புதிதும் இல்லை. 2002இல் இணையக் கட்டமைப்பு வாரியம் நெட்வொர்க் நடத்துபவர்களை அழைத்து ஒரு பட்டறை நடத்தியது. அதன் அறிக்கை 2003இல் ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 3535ஆவதாக வந்தது. எஸ்என்எம்பி கண்காணிக்கப் பயன்படுகிறது, கான்ஃபிகர் செய்ய உதவவில்லை என்பது அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. நாம் கொடுத்த கான்ஃபிக், கருவியின் இப்போதைய நிலை, புள்ளிவிவரம் இந்த மூன்றையும் கலக்காமல் பிரித்து வைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் உண்டு. 2006இல் நெட்கான்ஃப் என்ற கான்ஃபிகர் செய்யும் நெறிமுறை, 2010இல் யாங் என்ற மாடல் மொழி எல்லாம் இதன் தொடர்ச்சியாகப் பிறந்தவை. கொஞ்ச நேரம் ஒதுக்கி அந்த அறிக்கையைப் படியுங்கள். உங்கள் கிளாஸ்களை எப்படிப் பிரிப்பது என்பதற்கான பதில் அதிலேயே பாதி இருக்கிறது.

அப்புறம், எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டியதில்லை. பைத்தானில் நேபாம் என்று ஒரு திறந்த மூல லைப்ரரி இருக்கிறது. நான் மேலே சொன்ன ஏற்று, ஒப்பிடு, கமிட், பின்வாங்கு என்ற பிரிவினை அதில் ஏற்கெனவே உண்டு. ஐஓஎஸ், ஐஓஎஸ் எக்ஸ்ஆர், என்எக்ஸ்-ஓஎஸ், ஜூனிப்பரின் ஜூனோஸ், அரிஸ்டாவின் இஓஎஸ் ஆகியவற்றுக்கு டிரைவர்கள் அதன் மையத்திலேயே இருக்கின்றன. மற்றவற்றுக்கு அதன் பேஸ் கிளாஸிலிருந்து நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கட்டளை அனுப்ப மட்டும் என்றால் நெட்மிகோ என்ற லைப்ரரி போதும். இதனால்தான் பைத்தான் என்கிறேன். ஜாவா நல்ல மொழிதான், ஆனால் இந்தக் கருவிகளோடு பேசிப் பழகிய லைப்ரரிகளும் அவற்றை எழுதியவர்களின் அனுபவமும் பைத்தான் பக்கம்தான் குவிந்திருக்கின்றன.

தொடங்கும்போது எச்பி, ஹுவாவெய் இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஐஓஎஸ், ஜூனோஸ் இரண்டை மட்டும் எடுங்கள். குணத்தில் இவை எதிரெதிர் துருவங்கள், இரண்டுக்கும் பொருந்தும் பேஸ் கிளாஸ் மற்றவற்றைப் பெரும்பாலும் தாங்கும். முதல் மாதம் படிக்கும் மெத்தடுகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு கருவியும் தரும் விடையை அப்படியே கோப்பாகச் சேமித்து, அவற்றை வைத்து டெஸ்ட் எழுதுங்கள். இயங்குதளப் பதிப்பு மாறும்போது விடையில் ஒரு நெடுவரிசை இடம் மாறினாலும் அந்த டெஸ்ட்தான் முதலில் கத்தும். எழுதும் மெத்தடுகளுக்கு வரும் நாளில், அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய சுவிட்ச் ஒன்றை மேசைமேல் வைத்து, பக்கத்திலேயே கன்சோல் கேபிளையும் செருகி வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.