இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது. 3 கிலோவாட் சோலார் போடலாமா, போட்ட பணம் எப்போது திரும்பும்?

தமிழ்நாட்டு வீட்டு இணைப்பு என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். போடுங்கள், ஆனால் 2 கிலோவாட் போதும். எங்கள் வீட்டிலும் அதுதான்.

2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய கட்டணத்தில் 700 யூனிட்டுக்கு சுமார் 3,800 ரூபாய் வரும். 500 யூனிட்டுக்கு 1,800தான். 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் போய்விடும். அந்த 501ஆவது ஒரு யூனிட்டால் மட்டும் பில் 240 ரூபாய்க்கு மேல் ஏறும்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தினமும் சராசரியாக 4 யூனிட் தரும், அதாவது இரண்டு மாதத்துக்கு 240. நீங்கள் எடுத்த கரண்டையும் லைனுக்குத் திருப்பி அனுப்பியதையும் சேர்த்துக் கணக்கிடும் நெட் மீட்டரில் அது உங்கள் கணக்கின் மேல்தட்டிலிருந்து, விலை அதிகமான யூனிட்டுகளிலிருந்துதான் கழியும். முதல் கிலோவாட் பில்லில் சுமார் 2,250 ரூபாய் குறைக்கும், இரண்டாவது 1,200. மூன்றாவது? வெறும் 330. மிச்சமிருப்பது 220 யூனிட், அதிலும் 100 ஏற்கெனவே இலவசம்!

மானியத்துக்கு முன் கிலோவாட்டுக்கு சுமார் 60,000 என்று வையுங்கள். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 மானியம். ஆக 2 கிலோவாட் போட்டால் மூன்று, நான்கு வருடத்தில் பணம் திரும்பிவிடும். மூன்றாவதற்குக் கூடுதலாகப் போடும் சுமார் நாற்பத்திரண்டாயிரம் திரும்ப இருபது வருடத்துக்கு மேல் ஆகும். விற்க வருபவர்கள் 78,000ஐத்தான் பெரிதாகக் காட்டுவார்கள், இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள். மின்சார ஸ்கூட்டரோ இன்னொரு ஏசியோ வாங்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் மூன்றுக்குப் போங்கள்.

அதற்கு முன்னால் ஃபேன்களைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், கரண்டை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடும் நான்கு ஃபேன்களை மாற்றினாலே இரண்டு மாதத்தில் நூறு யூனிட் குறையும்.

அப்புறம், பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். உங்கள் சோலார் கரண்ட் லைனில் பாய்ந்து கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று சோலாரோடு வரும் இன்வெர்ட்டரே நிறுத்திக்கொள்ளும், அது பழுதல்ல. ஆர்டர் கொடுப்பதற்கு முன் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடிக்குப் போய், தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ எங்கே நிழல் போடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.