கால் எரிச்சலுக்கு டிப்ரஷன் மாத்திரையா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61, நீண்ட நாளாகச் சர்க்கரை. ராத்திரியானால் இரண்டு உள்ளங்காலும் எரிகிறது, போர்வை பட்டாலே வலிக்கிறது என்கிறார். டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் 'இது டிப்ரஷன் மாத்திரை' என்று சொன்னதிலிருந்து அதைத் தொடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. மனச்சோர்வுக்கு இதே மருந்தைப் பல மடங்கு கூடுதலாகக் கொடுப்பார்கள். 10 மி.கி. என்பது வலிக்கான ஆரம்ப அளவு.

காலிலிருந்து கிளம்பும் வலிச் செய்தி ஒரே ஓட்டமாக மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் அடுத்த நரம்புக்குக் கைமாறித்தான் மேலே ஏறுகிறது. கைமாறும் அந்த இடத்திலேயே அதை மட்டுப்படுத்தவும் ஏற்பாடு உண்டு. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் நரம்புகள் அங்கே நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து செய்தியை அமுக்குகின்றன. ஆனால் சுரந்ததைச் சீக்கிரமே திரும்ப உறிஞ்சியும் கொள்கின்றன. அமிட்ரிப்டிலின் அந்த உறிஞ்சலைத் தடுப்பதால் நார்அட்ரினலின் கூடுதல் நேரம் நின்று வேலை செய்கிறது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் இதில் வலி குறைவது அதனால்தான்.

பாரசிட்டமால் போதாதா? பெரும்பாலும் போதாது. அம்மாவின் காலில் புண்ணோ வீக்கமோ இல்லாமலே எரிகிறது என்றால், சர்க்கரையால் பழுதான நரம்பு தானாகவே செய்தி அனுப்புகிறது; யாரும் அழுத்தாமலே வயர் கோளாறில் அடிக்கும் காலிங் பெல் மாதிரி. மாதக்கணக்கில் இப்படி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடச் செல்களும் முறுக்கேறிப்போய், வெறும் தொடுதலையே வலியாக மேலே அனுப்பும். போர்வை விஷயம் இதுதான். பகலில் வேலையில் கவனம் போனால் மேலிருந்து வரும் அமுக்கலும் கூடும். படுத்தபின் அந்த உதவி இல்லை.

அம்மாவிடம் மருந்தின் பெயரை மறைக்காமல் இதையே சொல்லுங்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல் வரலாம். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது நிதானம் வேண்டும். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் சரியாகப் போகாத தொல்லை இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தொடங்கியபின் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

அப்புறம், எரிகிற காலில் மரத்துப்போன இடமும் இருக்கும். வெந்நீரில் கால் வைப்பது வேண்டாம், வெந்தாலும் தெரியாது. தினமும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே பாருங்கள்.