நிலாவெளி டிஸ்கவரி 3: வாங்கலாமா?

தம்பி, நிலாவெளியில் விற்பனைக்கு நிற்கும் 2008 லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 டீசல் ஜீப்பை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். இரவு முழுக்க நிறுத்தி வைக்கச் சொல்லி, காலையில் ஸ்டார்ட் பண்ண முன்னம் போய்ப் பாருங்கள், ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் ஏர் சஸ்பென்ஷனில் (வண்டியைக் காற்றால் தாங்கும் அமைப்பு) கசிவு, அதை ஈடுகட்ட ஓடி ஓடியே அதற்குக் காற்றடிக்கும் கம்பிரசரும் செத்துப்போகும். எஞ்சினின் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா? எஞ்சினுக்குப் பின்னால் டீசல் பம்பை ஓட்டும் சின்ன பெல்ட்டும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுவார்கள். கடற்காற்றில் நின்ற வண்டி, அதனால் லிஃப்டில் ஏற்றி சேசிஸ், பிரேக் குழாய்களில் துருவைக் கட்டாயம் பாருங்கள். அப்புறம், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போனால் பெரும்பாலும் பாடியையே கழற்றித் தூக்கித்தான் வேலை செய்வார்கள். மாதச் சம்பளத்தில் ஓடப்போகிறீர்கள் என்றால் இதை விட்டுவிட்டு ஒரு நல்ல டொயோட்டா ஹைலக்ஸ் தேடுங்கள்.