மனைவியின் வேலை அனுமதி (ஈஏடி) கார்டு வரவில்லை, ஏழு வாரத்தில் சம்பளம் நிற்கும்: ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-யில் கை வைக்கலாமா?

கேள்வி:

நான் டெக்சஸில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். மனைவிக்கு ஹெச்-4, அதாவது துணைக்கான விசா. கிரீன் கார்டுக்காக என் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆன பிறகு ஈஏடி எடுத்து, மூன்று வருடமாக ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். இந்த முறை என் எக்ஸ்டென்ஷன், கூடுதல் பணம் கட்டி வேகப்படுத்தும் பிரீமியம் ப்ராசஸிங்கில் மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அவருடைய ஹெச்-4, ஈஏடி இரண்டும் நாலரை மாதமாக அப்படியே கிடக்கின்றன. இன்னும் ஏழு வாரத்தில் கார்டு காலாவதி. அன்றிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அவருடைய ஹெச்ஆர் சொல்லிவிட்டது.

கைக்கு வருவது மாதம் எனக்கு 7,400 டாலர், அவருக்கு 4,700. செலவு: வீட்டுக் கடன் தவணை வரி, இன்சூரன்ஸ் உட்பட 3,650, மகளின் டே கேர் 1,850, இரண்டு கார் தவணை 980, மளிகை, கரண்ட், பெட்ரோல் வகையறா 2,100, ஊரில் அப்பா அம்மாவுக்கு 500, இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி 40,000 ரூபாய், அதாவது சுமார் 450 டாலர், வெளியே சாப்பிடுவது, ஷாப்பிங் 900. சேமிப்புக் கணக்கில் 22,000 இருக்கிறது. அவருடைய 401கே-யில் 58,000. என் சம்பளத்தில் 10 சதவீதம் என் 401கே-க்குப் போகிறது, கம்பெனி தன் பங்காகப் போடும் மேட்ச் 4 சதவீதம் வரை. மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கே அவருடைய கம்பெனி வழியாகத்தான். என் கம்பெனிக்கு மாற்றினால் மாதம் 550 பிடிப்பார்கள்.

அவருடைய 401கே-யிலிருந்து 20,000 எடுத்துக்கொள்ளலாமா? 14 மாதம் முன்பு வாங்கிய வீட்டை விற்றுவிடலாமா? "கார்டு வரும் வரை வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும், பணம் உன் பெயரில் வரட்டும்" என்கிறார் ஒரு நண்பர். எது சரி?

பதில்:

நண்பரின் யோசனையை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். கார்டு காலாவதியான பிறகு உங்கள் மனைவி செய்யும் வேலை, பணம் யார் பெயரில் வந்தாலும், அனுமதியில்லாத வேலைதான். அந்த வருமானம் உங்கள் பெயரில் வந்தால் உங்கள் ஹெச்-1பி-யும் சிக்கலில் மாட்டும், ஏனென்றால் உங்களுக்கும் ஸ்பான்சர் செய்த கம்பெனியைத் தவிர வேறு இடத்தில் சம்பாதிக்க அனுமதி கிடையாது. இந்திய கம்பெனிக்கு இங்கே உட்கார்ந்து வேலை செய்தால் பரவாயில்லை என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. அதை நம்பி இறங்காதீர்கள். மாதம் சில ஆயிரம் டாலருக்காகப் பல வருடக் காத்திருப்பில் இருக்கும் கிரீன் கார்டைப் பணயம் வைப்பதில் எந்தக் கணக்கும் தேறாது. வங்கி வட்டி, டிவிடெண்ட் போன்றவை வேறு, அவற்றுக்கு வேலை அனுமதி தேவையில்லை.

ஹெச்ஆர் மீதும் கோபப்படாதீர்கள். 2025 அக்டோபர் வரை இந்த நிலைமையே வேறு. காலாவதிக்கு முன் ரின்யூவலுக்குப் போட்டிருந்தால், ஐ-94 (இங்கே எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற பதிவு) செல்லுபடியாகும் வரை, அதிகபட்சம் 540 நாள் தானாகவே நீட்டிப்பு கிடைத்தது. 2025 அக்டோபர் 30 அன்றும் அதற்குப் பிறகும் போட்ட விண்ணப்பங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. உங்களுடையது அதற்குப் பிந்தையது. ஹெச்-1பி-யோடு சேர்த்துப் போட்டால் ஹெச்-4, ஈஏடி மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்ற நீதிமன்ற உடன்பாடும் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதனால்தான் உங்களுடையது மூன்று வாரத்தில் வந்தது, அவருடையது வரிசையில் நிற்கிறது. அந்த இரண்டு படிவங்களுக்கும் பணம் கட்டி வேகப்படுத்தும் பிரீமியம் வழியே கிடையாது.

இப்போது பணம். இருவர் வருமானத்தில் மாதம் 12,100 வருகிறது, 10,430 போகிறது, 1,670 மிச்சம். அவர் சம்பளம் நின்றால் 3,030 துண்டு விழும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அது பாதிக் கணக்கு. காப்பீட்டை உங்கள் கம்பெனிக்கு மாற்றும்போது பிடிக்கும் 550-ஐ நீங்கள் சேர்க்கவில்லை. வரிக்கு முன் பிடிப்பதால் கையில் சுமார் 390 குறையும். ஆக உண்மையான துண்டு 3,420. இப்படியே விட்டால் 22,000 ஆறரை மாதத்தில் கரைந்துவிடும்.

கார்டு ஆறரை மாதத்துக்குள் வந்துவிடும், பிறகென்ன என்று தோன்றலாம். வரலாம். ஆனால் எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை நம்பி நான் பட்ஜெட் போட மாட்டேன். கார்டு எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது மட்டும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு இழுத்துவிட்டால் போதும், வீடு விற்பது, 401கே உடைப்பது எல்லாம் பேச்சிலிருந்தே போய்விடும்.

எஸ்ஐபியை இன்றே நிறுத்துங்கள். 450 மிச்சம். (இங்கே வரி கட்டுபவர்கள் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் அமெரிக்க வரித்துறை அதைப் பிஎஃப்ஐசி என்று தனியாகப் பிடித்துக் கடுமையாக வரி போடும். உங்கள் வரிக் கணக்கைப் பார்ப்பவரிடம் இதைக் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் எஸ்ஐபியை நிறுத்த இது இன்னொரு காரணம்.) உங்கள் 401கே பங்களிப்பை 10-லிருந்து 4 சதவீதமாகக் குறையுங்கள். கம்பெனி தரும் மேட்ச் முழுதாக வரட்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் சம்பளத்தை நான் ஊகித்த வரையில் இதில் கைக்கு மாதம் 490 டாலர் அளவுக்குக் கூடும். வெளியே சாப்பிடுவது, ஷாப்பிங் 900-ஐ 400 ஆக்குங்கள்.

டே கேர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அம்மா வீட்டில் இருக்கிறாரே என்று முழுதாக நிறுத்திவிட்டால், கார்டு வந்த மறுநாள் அதே டே கேரில் இடம் இருக்காது. அவர் வேலைக்குத் திரும்புவது அதனால் தள்ளிப்போய், ஒரு மாதச் சம்பளம் போய்விடும். வாரம் மூன்று நாளாகக் குறைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். மாதம் 650 குறைந்தால்கூட நல்லது, இடமும் கையில் இருக்கும். டே கேருக்கு எஃப்எஸ்ஏ-யில் (வரிக்கு முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) பணம் பிடித்துக்கொண்டிருந்தால் அதையும் திருத்துங்கள். கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்தால் அல்லது வேலை தேடினால்தான் டே கேர் செலவுக்கு வரிச் சலுகை என்பது பொது விதி. துணையின் வேலை மாறும்போது வருட நடுவிலும் அந்தத் தொகையை மாற்றலாம்.

450, 490, 500, 650. கூட்டினால் 2,090. துண்டு 3,420-லிருந்து 1,330-க்கு இறங்கிவிட்டது. சேமிப்பில் 6,000-ஐ கார் ரிப்பேர், அவசரமாக ஊருக்கு டிக்கெட் போன்றவற்றுக்கு என்று தனியே பூட்டுங்கள். மீதி 16,000 சரியாகப் பன்னிரண்டு மாதம் வரும். இந்த ஏழு வாரத்தில் மிச்சமாகப் போவதை நான் இதில் சேர்க்கவே இல்லை. வரிப் பிடித்தத்துக்காகக் கம்பெனியில் கொடுத்த உங்கள் டபிள்யூ-4 படிவத்தில் "இரண்டு வேலை" பெட்டியில் டிக் போட்டிருந்தால், அவர் வேலை நின்றதும் அதைத் திருத்துங்கள், மாத வரிப் பிடித்தம் குறையும். அந்த வருடத்தின் முதல் பாதியில் அவரும் சம்பாதித்திருப்பார் என்பதால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தளத்திலுள்ள கணிப்பானில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் 500-ஐ நான் தொடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குறைக்கவே முடியாதது என்று இல்லை. எட்டாவது மாதத்திலும் கார்டு வராவிட்டால் அப்போது பார்க்கலாம்.

401கே-க்கு வருகிறேன். 20,000 எடுத்தால் கையில் எவ்வளவு நிற்கும் தெரியுமா? அவருக்கு 59½ வயதாகாததால் 10 சதவீதம் அபராதம் 2,000. உங்கள் குடும்ப வருமானத்துக்கு 22 சதவீத வரிப் படி, அது 4,400. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். மிஞ்சுவது 13,600. கடனாக எடுத்தால் அபராதம் இல்லையே என்பீர்கள். வேலையில் தொடர்பவருக்கு அது பொருந்தும். வேலை முடிந்துவிட்டால் பாக்கியைக் கழித்துக்கொள்வது பல திட்டங்களின் வழக்கம். அந்த வருட வரிக் கணக்கின் கடைசித் தேதிக்குள் அந்தத் தொகையைத் திரட்டி வேறு ஓய்வூதியக் கணக்கில் போடாவிட்டால், கடன் முழுவதும் எடுத்த பணமாகவே கணக்காகி, வரியும் அபராதமும் வந்துவிடும். ஏழு வாரத்தில் வேலை நிற்கப்போகிறவர் கடன் வாங்கக் கூடாத இடம் அது. உங்களில் யாரிடமாவது ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வூதியக் கணக்கு இருந்தால் சொல்லுங்கள், அதில் நீங்கள் போட்ட அசலை வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம். இந்தியாவில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட் இருந்தாலும் அதைத் தடையில்லாமல் இங்கே கொண்டுவரலாம், ஒரு வருடம் முடியாமல் உடைத்தால் வட்டி கிடைக்காது, அவ்வளவுதான். இவை இரண்டும் 401கே-க்கு முன்னால் நிற்க வேண்டியவை.

வீட்டை விற்க வேண்டாம். 14 மாதத் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கும். தரகும் இதர செலவும் போனால் போட்ட முன்பணமே முழுதாகத் திரும்புமா என்பது சந்தேகம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது சம்பளம் அல்ல, காப்பீடு. அவருடைய கம்பெனிக் காப்பீடு நின்ற நாளிலிருந்து, உங்கள் கம்பெனித் திட்டத்தில் நடுவருடத்தில் சேரப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். தவறவிட்டால் அடுத்த ஓபன் என்ரோல்மென்ட் (வருடாந்திரப் பதிவுக் காலம்) வரை காத்திருக்க வேண்டும். வேலை போன பதற்றத்தில் இந்த முப்பது நாளைக் கோட்டை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோப்ரா என்று ஒரு வழி உண்டு. பழைய காப்பீட்டையே 18 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து, மேலே 2 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும். அதன் நல்ல அம்சம், முடிவெடுக்க 60 நாள் அவகாசம் இருப்பதும், எடுத்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லுபடியாவதும். நடுவில் கார்டு வந்து அவர் வேலைக்குத் திரும்பிவிட்டால் எடுக்காமலே விட்டுவிடலாம். ஒன்று கவனியுங்கள்: புதிய திட்டத்துக்கு மாறினால் டிடக்டிபிள், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்த ஏழு வாரத்துக்குள் யாருக்காவது ஸ்கேன், பல், கண் என்று ஏதாவது பாக்கி இருந்தால் பழைய காப்பீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

நான் குடிவரவு வக்கீல் இல்லை. ஆனால் கோப்பை நகர்த்தப் பார்க்கும் வழிகளில் பணக் கணக்குக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் 'எக்ஸ்பிடைட்' (விரைவாகப் பார்க்கும்படி) கேட்கலாம், கட்டணம் இல்லை. கடுமையான பண இழப்பு என்பது அவர்கள் ஏற்கும் காரணங்களில் ஒன்று. வேலை அனுமதி வேண்டும் என்று மட்டும் எழுதினால் எடுபடாது. விண்ணப்பத்தைத் தாமதமாகப் போட்டவர்களுக்கும் எடுபடாது. நீங்களோ 180 நாள் முன்பே, அதாவது போட முடிகிற முதல் நாட்களிலேயே போட்டிருக்கிறீர்கள், அதைத் தேதியோடு காட்டுங்கள். எந்தத் தேதியில் வேலை நிற்கும் என்ற கம்பெனிக் கடிதம், வீட்டுக் கடன் பத்திரம், குடும்பக் காப்பீடு அவர் வழியாகத்தான் என்பதற்கான சான்று, மேலே நாம் போட்ட அதே வரவு செலவுத் தாள், இவை சேர்ந்தால்தான் கோரிக்கைக்குக் கனம் வரும். உங்கள் தொகுதி அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் அலுவலகத்திலும் இதற்கென ஆட்கள் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் மனைவி கையெழுத்திட்டால் அவர்கள் விசாரிப்பார்கள், அதுவும் இலவசம். கோர்ட்டுக்குப் போவது கடைசி. வக்கீல் கட்டணம் ஆயிரக்கணக்கில் போகும், வழக்கமான காலக்கெடுவைத் தாண்டும் முன் போட்டால் நிற்பதும் கடினம். அவர் சம்பளம் நின்று ஐந்தாவது மாதத்துக்குப் பிறகு யோசிக்கலாம்.

ஊருக்குப் போய் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் முடித்துப் புது ஐ-94-ஓடு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், வக்கீலைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். இந்தியாவில் பலருடைய நேர்காணல் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போனது. மகளும் அம்மாவும் அங்கே, நீங்கள் இங்கே என்றால், நான் மேலே போட்ட பட்ஜெட் செல்லாது.

இன்னொன்று. கடிதம் முழுக்க "அவருக்கு 4,700", "அவருடைய 401கே" என்றுதான் வருகிறது, அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவர் அவர். இந்தத் தாளை அவரிடம் கொடுத்தால் என்னைவிட நன்றாகப் போடுவார்.

அவர் இந்த வாரமே ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். வேலையை முடிப்பதற்குப் பதில் சம்பளமில்லா விடுப்பில் வைப்பார்களா, வைத்தால் காப்பீடு எந்தத் தேதி வரை தொடரும், 401கே-யில் கம்பெனி போட்ட பணம் முழுதும் அவருடையதாக இன்னும் எத்தனை நாள் பாக்கி, கார்டு வந்தால் அதே பொறுப்பு கிடைக்குமா என்று நான்கே கேள்வி. பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். விடுப்பில் வைக்கச் சம்மதித்துவிட்டால் மேலே சொன்னதில் காப்பீட்டுக் கணக்கு மாறும். அந்தப் பதிலை எனக்கு அனுப்புங்கள், 390-ஐ அழித்துவிட்டு மறுபடி போட்டுத் தருகிறேன்.