எந்தச் சட்டம், யார் இயற்றியது? அமெரிக்கச் சட்டம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்கச் சட்டம் முழுவதும் ஒரே நூலில் இருக்கிறதா?

பதில்: இல்லை. 1789இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றமும் மாநிலச் சட்டமன்றங்களும் இயற்றும் சட்டங்கள், அரசுத் துறைகள் வகுக்கும் விதிமுறைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் என்று அது பல இடங்களிலிருந்து பிறக்கிறது. ஒரு சட்டத்தைப் பற்றிக் கவலைப்படுமுன், அது இவற்றில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். என் மனைவி, துணைவருக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி பெற்றிருக்கிறார். அதை ரத்து செய்துவிடுவார்கள் என்கிறார்களே, எச்-1பி எண்ணிக்கையையும் அப்படிக் குறைக்க முடியுமா?

பதில்: எச்-1பிக்கான ஆண்டு உச்சவரம்பு 65,000 என்பதும், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்கான கூடுதல் 20,000 என்பதும் காங்கிரஸ் இயற்றிய குடியேற்றச் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. ஆகவே அந்த எண்களைத் திருத்தக் காங்கிரஸ்தான் முன்வர வேண்டும். எச்-4 வேலை அனுமதியோ, கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டிய எச்-1பி ஊழியர்களின் துணைவருக்காக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வகுத்து, 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறை. உங்கள் மனைவியின் அனுமதி அட்டையை எடுத்துப் பாருங்கள்: வகை என்ற இடத்தில் ‘சி26’ என்று அச்சாகியிருக்கும், அது அந்த விதிமுறையின் உட்பிரிவு எண்.

துறை தந்ததைத் துறையே திரும்பப் பெறலாம் என்பதால் உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, பொதுவாக முதலில் வரைவை மத்திய அரசிதழில் வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டு, முக்கியமான ஆட்சேபங்களுக்குப் பதில் சொன்ன பிறகே இறுதி விதியை வெளியிட முடியும். அப்போது கருத்து அனுப்பக் குடியுரிமை தேவையில்லை. வாட்ஸ்அப் வதந்திக்குத் தூக்கம் கெடுபவர்களில் பலர் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேள்வி: அதிபரின் நிர்வாக ஆணையும் சட்டம்தானா?

பதில்: அரசமைப்போ காங்கிரசோ தந்த அதிகாரத்துக்குள் நிற்கும்வரை அதற்குச் சட்டத்தின் வலு உண்டு. கொரியப் போரின்போது எஃகு ஆலைகளை அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவர அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணையை, அத்தகைய அதிகாரம் அவருக்கு இல்லை என்று 1952இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

கேள்வி: நீதிபதியின் தீர்ப்பு எப்படிச் சட்டமாகும்?

பதில்: இந்தியாவைப் போலவே அமெரிக்காவும் இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபைப் பெற்ற நாடு, மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு அதன் கீழுள்ள நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே மாற்றலாம். இனவாரியாகப் பிரித்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்று 1896இல் ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், 1954இல் பிரவுன் வழக்கில், பொதுப் பள்ளிகளில் அப்படிப் பிரிப்பதே சமத்துவத்துக்கு எதிரானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட 58 ஆண்டுகளில் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட கறுப்பினக் குழந்தைகளை நினைக்காமல் இந்தத் தீர்ப்பை என்னால் படிக்க முடிந்ததில்லை.

கேள்வி: கொலராடோவில் கஞ்சா சட்டபூர்வமானது. விசாவில் இருப்பவர் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கொலராடோ வாக்காளர்கள் 2012இல் அனுமதித்தது மாநிலச் சட்டத்தின்படி மட்டுமே. 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். இரண்டும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே மேலோங்கும் என்பது அரசமைப்பின் 6ஆம் பிரிவு. விசாவும் கிரீன் கார்டும் மத்தியச் சட்டத்தின்கீழ் வருவதால், கடையில் ரசீதோடு வாங்கியதுகூட உங்கள் விண்ணப்பத்தைக் கெடுக்கலாம்.

கேள்வி: குற்றவியல் வழக்கில் விடுதலையானவர் மீது அதே சம்பவத்துக்காக மீண்டும் வழக்குத் தொடரலாமா?

பதில்: இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடரலாம். அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சன் 1995இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். இறந்தவர்களின் குடும்பத்தினர் தொடர்ந்த வழக்கில் 1997இல் அவர் 3 கோடியே 35 லட்சம் டாலர் இழப்பீடு தரும்படி தீர்ப்பானது. முதல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில் சாட்சியங்களின் எடை ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் போதும்.