வரிக்கு நூறு வருஷம் முந்திய பொய் ஜன்னல்

கேள்வி: வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் போட்ட ஜன்னல் வரிக்குப் பயந்து இங்கிலாந்தின் பழைய மாளிகைகளில் ஜன்னல்களை அடைத்துவிட்டார்களாம். ஹார்ட்விக் ஹாலில் இருக்கும் பொய் ஜன்னல்களும் அப்படி வந்தவைதானா?

பதில்: இல்லை. ஜன்னல் வரி வந்தது 1696-ல். டெர்பிஷயரில் ஒரு குன்றின்மேல் நிற்கும் ஹார்ட்விக் ஹாலை 1590-லிருந்து 1597-க்குள் கட்டி முடித்துவிட்டார்கள். கட்டியவர் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். 'பெஸ்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்கு ஏகப்பட்ட விலை இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் 'சுவரைவிடக் கண்ணாடி அதிகம்' என்று ஊரார் பாட்டுக் கட்டும் அளவுக்கு ஜன்னல் வைத்தார் அந்த அம்மாள். வரிக்குப் பயந்து அடைக்கிற ஆளா அவர்?

பொய் ஜன்னலுக்குக் காரணம் வெளித்தோற்றம். வரைபடம் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சனுடையது என்பார்கள். இடப்பக்கம் ஒரு ஜன்னல் என்றால் வலப்பக்கமும் அதே இடத்தில் ஒன்று இருந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் அறை அதற்கு இடம் கொடுக்காத இடங்களில், கண்ணாடிக்குப் பின்னால் வெறும் சுவர்தான்.

எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்தது வேறொன்று. மேலே போகப் போக ஜன்னல் உயர்ந்துகொண்டே போகும். கீழ்த்தளம் வேலையாட்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, உச்சித்தளம் பெரிய விருந்தினருக்கு. யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதை வாசலில் நின்றே ஜன்னலை அளந்து சொல்லிவிடலாம்! உள்ளே அகலமான கற்படிகள் வளைந்து வளைந்து மேலே கூட்டிப்போகின்றன. நிதானமாக ஏறினேன். உச்சியில் உள்ள பெருங்கூடத்தில் காலுக்கடியில் கோரைப்பாய். சுவரின் மேல்பகுதி முழுக்கச் சுதையில் செய்து வண்ணம் பூசிய காடு. நடுவே வேட்டைத் தெய்வம் டயானா. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அந்த மரங்கள் சுவரைவிட்டு முன்னால் வந்து நின்றன. நான் அங்கிருந்து நகர வெகுநேரம் ஆயிற்று.

வெளிச்சுவரெல்லாம் கண்ணாடி என்றால் கணப்பும் புகைபோக்கியும் எங்கே என்று கேட்பீர்கள். உட்சுவர்களில்தான். கனமான அந்த உட்சுவர்கள் கட்டடத்தையும் தாங்குகின்றன.

போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் அண்ணாந்து பாருங்கள். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் 'ஈ', 'எஸ்' என்று அந்த அம்மாளின் ஆங்கில முதலெழுத்துகள், கல்லில் செதுக்கி, வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும்.